ஏர் எடுத்தல்

டைடல் பார்க் சிக்னலில் காலை எடுத்த பிறகும்
வண்டி பிரேக்கை விடவில்லை.
ஓரங்கட்டி இறங்கி
இடது பின்சக்கரத்தருகே கை கொண்டுபோனேன்.
தோசை வார்க்கலாம்.

தொண்ணூற்றேழு மாடல் மாருதி எண்ணூறு.
ஹோஸைக் கழற்றிப் பிளேடால் பிளந்து பார்த்தேன்:
வெளியே ஒரு கீறல் இல்லை.
உள்ளே ரப்பர் வீங்கி
ஊசி நுழையும் அளவுக்குத்தான் வழி.
அழுத்தினால் போகிறது,
விட்டால் திரும்பி வருவதில்லை.
இப்படிச் சிலரை எனக்குத் தெரியும்.
அந்தப் பட்டியலில் நானும் உண்டு.

பைப்பின் கதை வேறு.
திருவான்மியூர் உப்புக்காற்று
பெட்ரோல் டேங்குக்கு மேலே, கண் படாத வளைவில்
வருஷக்கணக்காக உட்கார்ந்து தின்றிருக்கிறது.
பத்தாம் நம்பர் ஸ்பேனர் வைத்தேன்.
நட்டு சுற்றியது, கூடவே பைப்பும் சுற்றியது,
துடைப்பக்குச்சி மாதிரி
முறிந்து கையோடு வந்தது.

புதுப்பேட்டையில் ஜாபர், இருபது வயது இருக்காது,
பரோட்டாவைப் பிய்த்தபடியே
முறிந்த துண்டைப் பார்த்தான்.
"பீச்சாண்ட வீடாக்கா?"
"ஆமா."
"இரும்பு வேணாம், செம்பு போடு.
கடுப்புல வளைக்காத, மடிஞ்சிரும்."
கடுப்பு என்று அவனுக்கு யார் சொன்னது?
சில்லறை இல்லையென்று
நிப்பிள் மூடி நாலு கொடுத்தான்.

சனிக்கிழமை முழுக்க
பார்க்கிங்கில் மல்லாந்து கிடந்தேன்.
பழைய பைப்பைத் துண்டுதுண்டாகத் தரையில் சேர்த்துவைத்து
அது திரும்பிய இடமெல்லாம் புதியதைத் திருப்பினேன்.
துருத்தூள் கண்ணில் விழுந்தது.
பூனை ஒன்று ஜாக்கை மோந்துவிட்டுப் போனது.
டைல்ஸில் ஆயில் மூன்று சொட்டு.
மூன்றையும் உடனே துடைத்தேன்,
ஏனென்றால் நோட்டீஸ் போர்டில்
செயலாளர் அமலோற்பவத்தின் கடிதம்:
ஓடாத வண்டி, எண்ணெய்க் கறை, கடைசி எச்சரிக்கை.
ஓடும் என்று சொல்ல
எட்டு மாதமாக நான் வாய் திறக்கவில்லை.

ஆனால் ஏர் எடுக்க இன்னொரு கால் வேண்டும்.
என் கால் பெடலில் இருந்தால்
என் கை நிப்பிளுக்கு எட்டாது.
குச்சி முட்டுக்கொடுத்தேன், செங்கல் வைத்தேன்.
பிடிவாதத்துக்கு நீளம் போதவில்லை.

ஞாயிறு காலை ஆறரை.
பூசைக்குக் கிளம்பி, சந்தனக்கலர் சேலையில்,
ஸ்கூட்டி சாவியோடு இறங்கி வந்தவர்
காருக்கு அடியிலிருந்து நீண்ட இரண்டு பாதங்களைப் பார்த்து நின்றார்.
"அஞ்சு நிமிஷம் பிரேக்கை அமுக்க முடியுமா?"
என் குரல்தான்.

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்.

"அமுக்குங்க."
"ம்."
"புடிச்சுக்கங்க."
குழாயில் பழுப்பாய் ஆயில்,
நடுவில் பாசிமணி மாதிரிக் குமிழிகள்.
"விடுங்க."

நிப்பிளை இறுக்கிய பிறகுதான் அந்தச் சொல்.
ஒரு நொடி முந்தினால்
போன காற்று உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.
அவருக்கு இதெல்லாம் தெரியாது என்று நினைத்தேன்.
நான் சொல்லும்வரை அவர் கால் அசையவில்லை.

அமுக்குங்க. ம். புடிச்சுக்கங்க. விடுங்க.
எட்டு மாதத்துக்கும் சேர்த்துப் பேசிவிட்டோம்.

இடது முடிந்து வலதுக்கு நகரும்போது
மேலிருந்து அவர் குரல்:
"டப்பால ஆயில் எறங்கியிருக்கும், ஊத்திக்கங்க.
காலியானா மறுபடி மொதல்லேர்ந்து."
நான் ஊற்றினேன்.
"எங்கிட்ட அம்பாசடர் இருந்துச்சு."
அதற்குமேல் அவர் சொல்லவில்லை,
கேட்கலாமா என்று யோசித்து நானும் கேட்கவில்லை.

குமிழி நின்றது.
"கல்லு மாதிரி இருக்கு," என்றார்,
கொஞ்சம் சந்தோஷமாகக்கூட.
இறங்கும்போது குதிகாலில் கிரீஸ்.
துணி நீட்டினேன். துடைத்துவிட்டு
மணி பார்த்தார், பூசை பாதி போயிருக்கும்,
ஸ்கூட்டியை உதைத்தார்.

கடிதம் போர்டில்தான் இருக்கிறது.
மழைச்சாரல் பட்டு ஒரு பின் மட்டும் துருவேறியிருக்கிறது.

சாயங்காலம் கலாக்ஷேத்ரா ரோட்டில்
நாய் ஒன்று குறுக்கே வந்தது.
மிதித்தேன்.
நின்றது.
நாய் என்னைப் பார்த்தது, அவசரமில்லாமல் போனது.
காலை எடுத்தேன்.
விட்டது.