நிகழ்காலம் மட்டும்

ஜூலை பிறந்தும் டுலூத்தில் ஏரிக்காற்றுக்கு
ஸ்வெட்டர் வேண்டியிருக்கிறது.
கல்லூரிப் பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டார்கள்;
அவர்கள் மேசையில் கீறிவைத்த இதயங்களின் மேல்
எங்கள் மூக்குக்கண்ணாடிக் கூடுகள், ஒன்பது.

இத்தாலிய மொழி, தொடக்கநிலை.
செவ்வாய், வியாழன். நாலே வாரம்.
தேர்வு கிடையாது என்றதும்
பெர்னடீன் கொஸ்லாக்கின் முகம் வாடிவிட்டது:
ஐந்து பென்சில் சீவிக்கொண்டு வந்திருந்தார்.

"நாலு வாரத்துக்கு நிகழ்காலம் போதும்"
என்றார் ஆசிரியை ரெனாட்டா.
"இறந்தகாலம் அக்டோபரில். அதற்குத் தனிக் கட்டணம்."
யாரோ சிரித்தார்கள்.
யாருடைய காதுக்கருவியோ கூடவே விசிலடித்தது.

மூன்றாம் வாரம்:
குடும்பத்தைப் பற்றி ஐந்து வாக்கியம்.
இரும்புத்தாதுக் கப்பலில் முப்பது வருடம்
எந்திரம் பார்த்த ஹால்வர் எழுந்து நின்றார்
(நிற்கத் தேவையே இல்லை),
தாளைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்தார்.

என் மனைவியின் பெயர் இங்கா.
அவள் ரொட்டி சுடுகிறாள்.
அவள் மீன் சாப்பிடுவதில்லை.
அவள் என்னைவிடச் சத்தமாகத் தூங்குகிறாள்.

மார்ச் மாதம், உறைந்த மண்ணை
எந்திரம் வைத்துத் தோண்டிய அந்த அடக்கத்துக்கு
எங்களில் நாலு பேர் போயிருந்தோம்.
சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டோம்.

ரெனாட்டா ஒரே ஒரு பிழைதான் திருத்தினார்:
இத்தாலியில் ரொட்டி ஆண்பால்.
குறித்துக்கொள்ளும்போது ஹால்வரின் பென்சில் முனை ஒடிந்தது.
பெர்னடீன் தன்னுடையதில் ஒன்றை நீட்டினார்.
ஐந்தாவது வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை.

போகும்போது அலுவலகச் சன்னலில் குனிந்து
அக்டோபருக்கு எவ்வளவு என்று விசாரித்தார்.
முதியோர் தள்ளுபடி உண்டு, இன்றே கட்டலாம்
என்றாள் அந்தப் பெண்.
அவசரமில்லை என்று
தொப்பியை மாட்டிக்கொண்டார்.