காஞ்சொறித் திட்டு

1841, தசமபாக வரைபடம்:
இந்தச் சரிவுக்கு ஒரே சொல், 'தரிசு'.
மை கொஞ்சம் கசிந்திருக்கிறது.

டெக்வென் மூன்றாம் முறையாக ஏறுகிறாள்.
வேல்ஸ் மழையில் ஊறிய காலணி,
அளவுநாடா, பாதி ரொட்டி.
இத்வல் ப்ராசரின் ஆடுகள்
எதையும் ஒப்புக்கொள்வதாயில்லை.

"அங்கே வெறும் காஞ்சொறிதான்" என்றான் இத்வல்,
"ஏனோ அந்த ஒரு திட்டில் மட்டும்."

நின்றுவிட்டாள்.
காஞ்சொறிக்குப் பிடித்தது
சாம்பல், மூத்திரம், எலும்பு;
ஆள் புழங்கிய மண்.

அக்டோபர் வெயில் சாய்ந்ததும்
புல்லுக்கடியிலிருந்து எழும்பின உழவு வரிகள்,
தூங்கி எழுந்தவன் கன்னத்தில்
பாய்த்தடம் போல.
பதினேழு வரை எண்ணினாள். மேகம் மூடிற்று.

குறிப்பேட்டில் 'வீடு' என்று எழுதி
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

இறங்கும் வழியெல்லாம்
மணிக்கட்டு எரிந்துகொண்டே வந்தது.