எட்டுக் கோணம்

அனுப்பர்பாளையம் பேக்கரியில்
ராத்திரி ஒன்றே முக்கால்.
தேங்காய் பன் தீர்ந்துவிட்டது,
சிவப்பு அட்டைப் பேச்சு தீரவில்லை.

"பந்தைத்தானுங் தொட்டான்"
என்கிறார் சாயப்பட்டறை சென்னியப்பன்.
"பந்தைத் தொட்ட காலு
அவன் மொழங்காலுக்கு எதுக்குங் போகோணும்?"
கட்டிங் மாஸ்டர் விடுவதாக இல்லை.
டிவி அதே காலை
எட்டுக் கோணத்தில் காட்டுகிறது.
மெதுவாக ஓட்டினால்
எல்லாக் காலும் குற்றவாளிதான்.

நான் வாய் திறக்கவில்லை.
பதினோரு வருசத்துக்கு முன்
கோபி மைதானத்தில்
விசில் என் வாயில் இருந்தது.
சட்டைப்பையில், யாருடையதோ
கல்யாணப் பத்திரிகை உறையில்
வெட்டிய சிவப்பு.
கோல் போஸ்ட் பக்கம் ஒரே புழுதி,
அந்தக் கோட்டில் லைன்ஸ்மேனும் இல்லை.
எலும்புச் சத்தம் கேட்டது. சத்தத்தை வைத்துத்தான் நீட்டினேன்.

வெளியே போன பையன்
ஒரு பூட்ஸை மட்டும் கழற்றிக்
கையில் பிடித்தபடி
தென்னந்தோப்பு வரை நொண்டி நொண்டி நடந்தான்.
திரும்பிப் பார்க்கவில்லை.

எதிர் பெஞ்சில் இப்போது
நைட் ஷிப்ட் இடைவேளை தரணிதரன்.
ஓவர்லாக் நூல்பிசிறு முழங்கை வரை.
"நீ ஆடுனவன், நீயே சொல்லு தம்பி"
சென்னியப்பன் அவனை இழுக்கிறார்.

டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல்
பபுள்கம் மென்றபடி சொல்கிறான்:
"இதுல கார்டுதானுங். சந்தேகமே இல்லீங்."

இதுல.

அந்த மூன்று எழுத்தை
டீ ஆறும் வரை
திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்க்கிறேன்.
ஒரே கோணம்தான் கிடைக்கிறது.