மீதி இரண்டு

சிறிய மணியின் கயிற்றைப் பற்றியபடி
பிரையனி குரல் கொடுத்தாள்: "போகிறாள்…
போய்விட்டாள்."
இங்கே மணிகள் எல்லாம் பெண்கள்.
நார்ஃபோக், பிப்ரவரி, சனிக்கிழமை.
கோபுர அறைக்கு ஒரே ஒரு ஹீட்டர்,
அதன் முன்னால் யாரோ காயவைத்த கையுறை.

எட்டுப் பேர். எட்டாவது கிளெமென்ட் அட்டிங்,
லாரி ஓட்டுகிறவர்; பெரிய மணி அவருக்கு.
அது இடம் மாறாது,
ஒவ்வொரு வரிசைக்கும் கடைசியில் முற்றுப்புள்ளி.
மற்ற ஏழும் மாறும்.
ஓர் இடத்துக்கு மேல் எந்த மணியும் நகரக் கூடாது.
வந்த வரிசை திரும்ப வரக் கூடாது;
வந்தால் அதற்குப் பெயர் பொய்.
எல்லாம் வந்து தீர்ந்தால்
ஐயாயிரத்து நாற்பது.

ஏழிலிருந்து ஒன்றுவரை
பெருக்கிக்கொண்டே இறங்கினால் வரும் எண்.
பத்து, ஒன்பது, எட்டு, ஏழு என்று
நான்கே படி பெருக்கினாலும்
அதே வாசலில்தான் கொண்டுபோய் விடும்.
நம்பாமல் பால் ரசீதின் பின்புறம் போட்டுப் பார்த்தேன்.
அறுபது எண்கள் அதை மீதியில்லாமல் வகுக்கும்;
அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும்
அத்தனை வாய்க்கவில்லை.
ஒன்று முதல் பத்து வரை யார் கேட்டாலும் பங்கு உண்டு.
பதினொன்று வந்து நின்றால் கையை விரித்துவிடும்:
நானூற்று ஐம்பத்தெட்டு கொடுத்துவிட்டு
இரண்டை வைத்துக்கொண்டு விழிக்கும்.

லயனல் டேக்கும் நானும் பதினோரு வருடம்.

என் மணி இரண்டு. அவருடையது ஐந்து.
பிரிந்த பிறகு வேறு மணிக்கு மாறிக்கொள்கிறேன் என்றேன்.
எங்களை நடத்துகிற தர்ஸா கேட்ச்போல்,
வரி அலுவலகத்தில் முப்பது ஆண்டு இருந்தவர்,
"எதற்கு மாறினாலும் கணக்கு ஒன்றுதான், ஹெஸ்டர்" என்றார்.
அன்றிரவு அந்தக் கணக்கைப் போட்டேன்.
இரண்டையும் ஐந்தையும் சேர்த்துக் கட்டிவிடு;
ஏழு ஆறாகும், எழுநூற்றிருபது வரிசை.
கட்டைத் திருப்பிப் பிடி,
இன்னொரு எழுநூற்றிருபது.
ஆயிரத்து நானூற்று நாற்பது தடவை
அவர் பக்கத்தில் நான் நின்றாக வேண்டும்,
யார் எப்படி நடத்தினாலும்.
ஒரு நாளுக்கு எத்தனை நிமிடமோ அத்தனை.

நவம்பரில் இரண்டே முக்கால் மணி நேரம்
மணியடித்துக் கோட்டைவிட்டோம்.
பிழை என்னுடையது. அவர் தும்மினார்,
நான் பழக்கத்தில் நிமிர்ந்து பார்த்தேன்.

இன்று பார்க்கவில்லை. கயிறுகள் மட்டும்.
அவர் எனக்கு முன், அவர் எனக்குப் பின்,
நடுவில் மூன்று பேர்,
நடுவில் யாரும் இல்லை.
எங்கேயோ எண்ணுவதை விட்டுவிட்டேன்.
தோள் எரிந்தது.
கயிறு மேலே போனதும் அவர் கை ஒரு நொடி தயங்கும்;
வீட்டுக் கதவைச் சாத்துவதும் அப்படித்தான்.
அந்தத் தயக்கத்துக்கு இடம் விட்டு அடிக்க
இந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும்.

"அவ்வளவுதான்" என்றார் தர்ஸா.
மணிகள் புறப்பட்ட வரிசைக்கே வந்திருந்தன:
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு,
கிளெமென்ட்.
"நில்."

தொடங்கிய வரிசையையும் சேர்த்தால்
ஐயாயிரத்து நாற்பத்தொன்று.
எழுபத்தொன்றை எழுபத்தொன்றால் பெருக்கியது,
பிசிறில்லாத சதுரம்.
தர்ஸா சேர்க்க விடமாட்டார்.
முதலும் கடைசியும் ஒரே வரிசை,
ஒருமுறைதான் கணக்கில் ஏறும் என்பார்.

லயனல் என் கோட்டை எடுத்து நீட்டினார்.
கையுறை அவருடையது. இன்னும் ஈரம்.
"இடது தோளா?" என்றார்.
"இரண்டும்" என்றேன்.