மேலேறும் காற்று

தொண்ணூற்றேழு. தொண்ணூற்றெட்டு.
பிறகு திரை கறுத்துவிடும்.
ஸோர்னிட்ஸா வரைந்த பாலம்
நடு ஆற்றில் நின்றுபோகும்.

பிளவ்திவ் நகரில் ஜூலை. ஏழாம் மாடி.
விசிறிகள் நான்கும் ஓடுகின்றன, கேட்கிறதே.
பசை மாற்றியாயிற்று:
பட்டாணி அளவு, துடைத்து, மறுபடி பட்டாணி அளவு.
விற்ற கடைக்காரர் வெசெலின் போனில்
"வெயில் காலம்தானே" என்கிறார்,
வெயிலுக்கு உத்தரவாதம் கிடையாது என்பதுபோல.

கடைசியில் பக்கக் கதவைக் கழற்றி
இரண்டு குழாய்களையும் இரு கைகளில் பிடிக்கிறாள்,
சண்டைக்காரர்களைப் பிரித்து நிறுத்துபவள் மாதிரி.
ஒன்று சுடுகிறது.
மற்றது எதுவும் தெரியாததுபோல் சும்மா இருக்கிறது.

தண்ணீர் இருக்கிறது. போகவில்லை.

பெட்டியின்மேல் காது வைக்கிறாள்.
பம்பு சுழன்றுகொண்டுதான் இருக்கிறது,
ஒரு வாய்க் காற்றை மென்றபடி.

ரேடியேட்டரைக் கீழே மாட்டியவள் அவளேதான்,
வண்ண விளக்கு கண்ணாடி வழியே அழகாகத் தெரியட்டுமென்று.
மேலே போகக் காற்றுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.
மேலே இருந்தது பம்பு.

நான்கு திருகு, எட்டுத் திருகு,
ஒன்று கட்டிலடியில் உருண்டோடுகிறது.
ரேடியேட்டர் இப்போது பெட்டியின் உச்சியில்.
தூக்கிச் சாய்க்கிறாள், இடப்பக்கம், வலப்பக்கம்.
பிள்ளைக்கு ஏப்பம் வரக் காத்திருப்பவள்போல
என்று எழுதலாம்தான்,
ஆனால் பதினாறு கிலோ. முதுகு பிடித்துக்கொள்கிறது.

களக்.

அறுபத்திரண்டு.
பாலத்தின் மறுபாதி
அக்கரைக்கு நகரத் தொடங்குகிறது.
வெசெலினுக்கு அவள் போன் செய்யவில்லை.
அந்த ஒரு திருகு
இன்னும் கட்டிலடியில்.