எண்ணிக்கை

உன்னதங்களிலே என்று தொடங்க
வியாழன் இரவோடு வாய்பொத்திக் கிடந்த மணி
இரணைப்பாலை முழுக்கக் கேட்க அடித்தது.
மடியில் நித்திரையான டெறிக் துடித்தெழும்பிக் கேட்டான்:
"அம்மா, இனி இறைச்சி சாப்பிடலாமோ?"
முன்வாங்கில் பாடின பிள்ளைகள் சிரித்துவிட
பாட்டு கொஞ்சம் சுருதி விலகித் திரும்பி வந்தது.

கல்லறைக்குப் போன பெண்கள்
தேடிப்போனதைக் காணவில்லை.
அதுதான் நற்செய்தி என்றார் சுவாமி.
எனக்கு விளக்கத் தேவையில்லை.
கிழமையில் ஐந்து நாள் முகமாலையில்
முழந்தாளில் நின்று
சாண் சாணாய் மண்ணைத் தேடுகிறவள் நான்.
ஒன்றும் அகப்படாத நாளில்தான்
சோறு நிம்மதியாய் இறங்கும்.

விடிந்ததும் எமில்
பங்கு ஆட்டில் இரண்டு பங்கோடு வந்தார்.
ஸ்காபரோவிலிருந்து கிளெமென்ற் மச்சான் அனுப்பின பெட்டியில்
இருபத்துநாலு பிளாஸ்டிக் முட்டை,
ஒவ்வொன்றுக்குள்ளும் உருகி உறைந்த ஒரு சொக்லேற்.
"கர்த்தர் உயிர்த்த நாளில்
முயல் முட்டையிட்டதாம். இதென்ன கூத்து?"
"நத்தாருக்கு நீங்கள் வெடி கொளுத்தேக்க
கர்த்தர் ஏதும் கேட்டவரோ?"
அதற்குப் பிறகு அவர் வெங்காயம் உரித்தார்.

ஒளித்தது நான்.
கிளுவைக் கவட்டில், கிணற்றுக்கட்டில்,
செவ்வரத்தைக்குள், சைக்கிள் கூடையில்,
கோழிக்கூட்டுக் கூரைமேல்.
மண்ணில் ஒன்றும் வைக்கவில்லை.
குனிந்த கை தானாகவே திரும்பி வந்தது.
இந்தப் பிள்ளைகள் இன்னும்
மண்ணைக் கிண்டிப் பழகத் தேவையில்லை.

ஒன்பது பெடியள், ஒரு நாய்.
பக்கத்து வீட்டுத் துவாரகி
திருநீற்று நெற்றியோடு வந்து ஏழு எடுத்தாள்.
அலோசியா இரண்டோடு அழுதாள்.
"ஓடாதை, பார்த்துக் கால் வை!"
கத்தினது நான்தான்.
ஒருவரும் கேட்கவில்லை.
கேட்காமல் ஓடினார்கள், வளவு முழுக்க.

எண்ணினேன். இருபத்துமூன்று.
திரும்ப எண்ணினேன்.

புட்டும் கறியும் ஆறுதென்று எமில் கூப்பிட்டார்.
"நாய் கொண்டு போயிருக்கும், விடப்பா."
எங்கட வேலையில் கணக்கு இடித்தால்
வீட்டுக்குப் போகேலாது.
நல்ல சேலையை முழந்தாளுக்கு மேலே செருகி
வேலியோரப் புல்லை
இடமிருந்து வலமாக விலக்கினேன்.
உள்ளே ஆரோ பாட்டுப் போட்டு
மச்சாள்மார் ஆடுகிற சத்தம்.
பெருநாளின் பாதி எனக்கு அப்படிப் போச்சு.

திங்கள், விடிய மூன்றரை.
வான் வர முதல், இருட்டில்
சப்பாத்துக்குள் கால் விட்டேன்.
பெருவிரலில் ஏதோ தட்டுப்பட்டது,
வழுவழுப்பாய், உருண்டையாய்.

நான் அசையவில்லை.
மூச்சும் விடவில்லை.
பத்து வருடம் பழகின உடம்பு அது.

பிறகு மெல்ல, மெல்லக் காலை எடுத்து
கவிழ்த்தேன்.
மஞ்சள் முட்டை.
திறந்து பார்த்தால் வெறும் கோது.
சொக்லேற்றைத் தின்றுவிட்டு
மூடி ஒளித்திருக்கிறான் கள்ளன்.

நான் சிரித்த சிரிப்பில்
மூன்று வளவு நாய்கள் குரைத்தன.
பாயில் கிடந்தபடி டெறிக்
கண் திறக்காமலே கேட்டான்:
"கண்டுபிடிச்சிட்டியளோ?"

"ஓமடா," என்றேன்.
"உள்ளுக்குள்ள ஒண்டுமில்லை."