நன்னீர், இருபது தொன்

என் பேரேட்டில் அவனுக்கு ஐந்து எழுத்துக்கூட்டல்.

பனாமாக் கொடியோடு வந்தபோது நெப்டியூன்.
கோதுமை ஏற்றிய பல்கேரியக் கப்பலில் நெப்துன்,
அவர்கள் இழுப்பதில்லை, வெட்டிவிடுகிறார்கள்.
இத்தாலியக் கப்டன் நெத்தூனோ என்றான்,
'ப்' எங்கே என்று கேட்டேன்
கடலைக் காட்டினான்.
பக்கத்து மேசை நிலூக்கா சொல்வது நெப்சூன்.
என் பள்ளிக்கூடப் புத்தகத்தில் அவன்
நெப்ரியூன், எட்டாவது கோள்,
நீலச் சாயம் கொஞ்சம் கோட்டுக்கு வெளியே.

அந்தக் கோளைக் கண்ணால் காணுமுன்
கணக்கால் பிடித்தார்களாம்.
முன்னே போன கோள் நடையில் சறுக்க
யாரோ இழுக்கிறான் என்று காகிதத்தில் தேடி.
பெயர் வேண்டிய நேரத்தில்
ரோமில் வெகுகாலம் வேலையில்லாமல் இருந்தவன்
கைக்கு அகப்பட்டான்.
கொட்டாஞ்சேனைச் சாத்திரியார் இன்னும் ஒப்பவில்லை.
ஒன்பது வீட்டுக்காரருக்கே இடம் போதாது, தம்பி.

பஞ்சிகாவத்தையில் பம்பு விற்கிறான்.
நோர்மண்டிக் கரையில் படை இறங்கிய விடியலுக்கு
அவன்தான் மறைசொல்.
நிலநடுக்கோட்டைத் தாண்டும் புது மாலுமிக்கு
தும்புக்கட்டைத் தாடி வைத்த போசன் அவனாக வந்து
தலையில் பழங்கஞ்சி ஊற்றுவான்.
இந்தச் சோழகக் காற்றில்தான்
மிளகுக்கு யவனர் வந்தார்கள்.
அலை உயர்ந்த இரவுகளில் அவனை அழைத்திருப்பார்கள்,
என்ன எழுத்துக்கூட்டலில் என்று
யாரும் பதியவில்லை.

நான் வோட்டர் கிளார்க்.
கப்பலுக்கு வேண்டியதைக் கரையில் வாங்கிக் கொடுப்பவன்:
வெங்காயம், வடம், வைத்தியர், சிம் அட்டை.

இந்த ஆடியில்
நெப்டியூன் ஹார்வெஸ்ட் வெளித்துறையில் பதினேழாம் நாள்.
கடன் வழக்கு. நீதிமன்றத் தாள் பாலத்தில் ஒட்டியிருக்கிறது.
பிரேயஸில் சொந்தக்காரன் தொலைபேசியை எடுப்பதில்லை.
காலை ஆறு பத்துக்கு வானொலியில்
மேட் துரெயினின் குரல், மிக மரியாதையாக:
நன்னீர், இருபது தொன். தயவுசெய்து.

கந்தோரில் எல்லோரும் சிரித்தார்கள்.
கடலரசன் குடிக்கத் தண்ணீர் கேட்கிறான்.
தாஹிர்பாய் மட்டும் சிரிக்கவில்லை,
பில் யாருடைய பேரில் என்றார்.

அன்றிரவு படித்தேன்.
அவன் முதலில் கடலுக்குரியவனே இல்லையாம்.
ஊற்றுக்கும் ஆற்றுக்கும் உரியவன்.
கிரேக்கனின் கடலைப் பிற்பாடு தலையில் ஏற்றிவிட்டார்கள்.
நமது வருணனும் அப்படித்தான்,
அதிபதி கடலுக்கு, கும்பிடுவது மழைக்கு.
கிணறு அடிதெரியும் கோடையில்
இலைக்கொட்டில் போட்டு அவனுக்கு விழா எடுத்தார்கள்,
ஜூலை இருபத்து மூன்று.

ஜூலை இருபத்து மூன்று.
எங்கள் வீட்டில் அந்தத் தேதியை
உரத்துச் சொல்வதில்லை.
எண்பத்து மூன்றில்
அம்மாவைக் கப்பலேற்றி வடக்கே அனுப்பினார்கள்.
கப்பலின் பெயர் என்ன என்று கேட்டால்
தண்ணிக்கு வரிசை நீளம் என்பாள்.

மறுநாள் தண்ணீர்ப் படகில் நானும் போனேன்.
அலைதாங்கிக்கு வெளியே குடலைப் புரட்டியது.
முன்புறத்தில் பெயரின் வெள்ளைச் சாயம் உரிந்து
பாதி துருவாகவே வாசிக்கக் கிடந்தது.
குழாயை ஏற்றினோம்.
நிரம்பும்வரை ஒருவரும் பேசவில்லை,
பதினான்கு பேர் இரும்புக்குள் விழும் சத்தத்தைக்
கேட்டுக்கொண்டு நின்றார்கள்.
மூட்டில் கசிந்ததை ஒரு பையன்
உள்ளங்கையில் ஏந்தி முகத்தில் பூசினான்.

இரசீதில் முத்திரை வேண்டும்.
துரெயின் அழுத்தினார், மை வற்றியிருந்தது.
மறுபடி அழுத்தினார், வெறும் வட்டம்.
பரவாயில்லை என்று பேனாவை எடுத்தேன்.

பெற்றுக்கொண்டவர்: நெப்ரியூன்.
கட்டணம்: பிறகு.